கறையை விடக் கொடியது கறை பற்றிய பயம்

ஒரு வீட்டின் முன்னறை. சோபாவுக்கு முன்னால் புதிதாக வாங்கிப் போட்ட கார்ப்பெட். விருந்துக்கு வந்தவர்களின் குழந்தை சாம்பார் கிண்ணத்தைத் தட்டி விட்டுவிட்டது. அடுத்த அரை நிமிடத்தில் நடப்பது எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான். "அய்யய்யோ, கார்ப்பெட்டு!" என்று ஒரு சத்தம். குழந்தையின் முதுகில் ஒரு அடி. அதன் அம்மாவின் முகம் வாடிப் போகிறது. வீட்டுக்காரர் "பரவாயில்ல, பரவாயில்ல" என்று வாயால் சொல்லிக்கொண்டே கண்ணால் கறையின் அகலத்தை அளக்கிறார். உள்ளேயிருந்து ஈரத்துணியுடன் ஓடி வரும் ஒருவர் (பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வரும் அக்கா, இல்லாவிட்டால் அந்த வீட்டு மருமகள்) முழங்கால் போட்டு உட்கார்ந்து பலம் கொண்ட மட்டும் தேய்க்கத் தொடங்குகிறார்.

இந்தக் காட்சியில் தவறு செய்தது யார்?

குழந்தை என்று நினைப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. குழந்தை செய்தது ஒரு கைதவறல். அதைக் கழுவவே முடியாத கறையாக மாற்றுவது அதற்குப் பிறகு பெரியவர்கள் செய்யும் காரியங்கள். கார்ப்பெட்டில் எதையாவது கொட்டினால் கெடுவது கொஞ்சம்தான். கொட்டியதைப் பார்த்துப் பயந்து செய்யும் வேலைகளால் கெடுவது மிக அதிகம். அந்தப் பயம் முதலில் கார்ப்பெட்டைக் கெடுக்கிறது, பிறகு ஆளைக் கெடுக்கிறது, கடைசியில் ஆற்றையே கெடுக்கிறது. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தேய்க்கும் கை

கார்ப்பெட் என்பது தரை விரிப்பு மட்டுமல்ல. ஆயிரக்கணக்கான முறுக்கிய நூல்கள் செங்குத்தாக நிற்கும் ஒரு சின்னக் காடு. மேலே கொட்டிய திரவம் முதலில் நூல்களின் நுனியில்தான் நிற்கிறது. அந்த நேரத்தில் ஒரு வெள்ளைத் துணியை வைத்து அழுத்தினால் பாதிக்கு மேல் துணிக்கே வந்துவிடும்.

ஆனால் தேய்த்தால்? மூன்று காரியம் நடக்கிறது. திரவம் நூலின் அடிவேருக்கு இறங்குகிறது. கறை பக்கவாட்டில் பரவி, உள்ளங்கை அளவு இருந்தது தாம்பாள அளவாகிறது. நூலின் முறுக்குப் பிரிந்து அந்த இடம் மட்டும் பஞ்சு போல ஆகிவிடுகிறது. பிறகு கறை போனாலும் அந்த இடம் வேறு மாதிரிதான் தெரியும், ஏனென்றால் பிரிந்த நூலில் வெளிச்சம் வேறு மாதிரி விழும். கம்பளி கார்ப்பெட்டாக இருந்தால் இன்னும் மோசம். ஈரமும் சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கட்டியாகிவிடும். கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் துவைத்துச் சின்னதாக்கியவர்களுக்கு இது தெரியும்.

செய்ய வேண்டியது மிக எளிது. கெட்டியாக இருப்பதை ஸ்பூனால் வழித்து எடுக்க வேண்டும். பிறகு காய்ந்த வெள்ளைத் துணியை வைத்து ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். துணி நனைந்தால் வேறு துணி. ஏன் வெள்ளை? சாயத்துணி என்றால் அதன் சாயமும் கார்ப்பெட்டுக்குப் போகும். அதோடு, கறை எவ்வளவு வருகிறது என்பது வெள்ளையில்தான் தெரியும்.

இதைச் செய்ய அதிகம் போனால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் பெரும்பாலான வீடுகளில் கத்துவதற்கும் அடிப்பதற்கும் செலவழித்துவிடுகிறார்கள்.

ஆரத்தித் தட்டில் உள்ள பாடம்

தமிழ் வீடுகளில் கார்ப்பெட்டுக்கு முதல் எதிரி சிவப்பு ஒயின் அல்ல, மஞ்சள். ஆனால் இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பாதி சிவப்பு ஒயினைப் பற்றியவை. அவற்றை அப்படியே மொழிபெயர்த்து வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறார்கள். சாம்பாருக்கும் மீன் குழம்புக்கும் அவை எப்படி உதவும்?

மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருகிறது. அது தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாது. ஆல்கஹாலில் கரையும். காரம் பட்டால் சிவக்கும். வெயிலில் வெளுக்கும். இந்த நான்கும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இதில் மூன்றாவது விஷயம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஏற்கனவே தெரிந்ததுதான். கல்யாணத்தில் ஆரத்தி எடுக்க மஞ்சளைக் கரைத்து ஒரு துளி சுண்ணாம்பைப் போட்டவுடன் தண்ணீர் இரத்தச் சிவப்பாக மாறுகிறதே, அதே வேதியியல்தான். சுண்ணாம்பு காரம். பள்ளிக்கூடத்தில் இதையே இயற்கை நிறங்காட்டி என்று சொல்லி மஞ்சள் தடவிய தாளை வைத்துச் சோதனையும் செய்து காட்டுகிறார்கள். ஆனால் அதே வீட்டில் சாம்பார் கொட்டிய இடத்தில் துணி துவைக்கும் பார் சோப்பைப் போட்டுத் தேய்த்து, அது சிவந்ததும் "கறை பெரிசாயிடுச்சே" என்று அலறுகிறார்கள். கறை பெரிதாகவில்லை. சோப்பு காரம், அவ்வளவுதான்.

இதற்கு மேல் ஒரு வேடிக்கை உண்டு. யாரோ எலுமிச்சம்பழம் பிழியச் சொல்கிறார்கள். பிழிந்ததும் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்புகிறது. "பாருங்க, பாதி போயிடுச்சு!" ஒன்றும் போகவில்லை. அமிலம் பட்டதால் குர்குமின் தன் பழைய நிறத்துக்குத் திரும்பி இருக்கிறது. ஒரு துளி கூட கார்ப்பெட்டை விட்டு வெளியேறவில்லை. ஆனால் எலுமிச்சைக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அந்தக் குறிப்பு இன்னும் நூறு பேருக்குப் போகும்.

மஞ்சள் கறைக்கு உண்மையில் உதவுவது இதுதான். முதலில் எண்ணெய்யை எடுக்க வேண்டும், ஏனென்றால் சாம்பாரிலும் குழம்பிலும் மஞ்சள் எண்ணெய்யோடு சேர்ந்துதான் உட்காருகிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் கால் டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம். அதில் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்ற வேண்டும். பிறகு வெறும் தண்ணீரால் ஒற்ற வேண்டும். மிச்சம் இருக்கும் மஞ்சளுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு ஒற்றலாம். கார்ப்பெட்டின் மேல் நேராக ஊற்றக் கூடாது, அடிப்பக்கத்து ரப்பர் பசை இளகிவிடும். பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. எதைச் செய்வதற்கு முன்னும் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கும் மிஞ்சினால், விரிப்பைத் தூக்கி வெயிலில் போடக்கூடிய வீடுகளில் சூரியனே மீதி வேலையைச் செய்யும். அரைநாள் போதும். கறை இல்லாத பகுதியைத் துணியால் மூடி வைப்பது நல்லது, கார்ப்பெட்டின் சாயமும் வெயிலில் வெளுக்கும்.

தரையோடு தரையாக ஒட்டிய கார்ப்பெட் உள்ள வெளிநாட்டு வாடகை வீடுகளில் வெயிலில் போட வழியில்லை என்பது உண்மை. அங்கே ஜன்னல் திரையை விலக்கி வைத்துப் பொறுமையாகக் காத்திருப்பதுதான் வழி.

வினிகரும் ஆப்பச் சோடாவும்

வீட்டுக் குறிப்புகளின் சக்கரவர்த்தி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இந்த ஜோடிதான். கறையின் மேல் ஆப்பச் சோடாவைத் தூவு, அதன் மேல் வினிகரை ஊற்று, நுரை பொங்கி வரும், கறை பறந்து போகும். பார்க்க அற்புதமாக இருக்கிறது. நுரையைப் பார்த்தவுடன் ஏதோ பெரிய வேலை நடப்பதாக மனம் நம்பிவிடுகிறது.

என்ன நடக்கிறது? ஆப்பச் சோடா என்பது சோடியம் பைகார்பனேட், ஒரு மென்மையான காரம். வினிகர் என்பது தண்ணீரில் கலந்த அசிட்டிக் அமிலம், சாதாரணமாக 5% அளவில். காரமும் அமிலமும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்று தீர்த்துவிடும். மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் என்ற உப்பு, தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு வாயு. அந்த நுரை வெறும் வாயு. சோடா பாட்டிலைத் திறந்தால் வருவதும் அதே வாயுதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 100 மில்லி வினிகரில் சுமார் 5 கிராம் அமிலம். 60 கிராம் அசிட்டிக் அமிலத்துக்கு 84 கிராம் சோடா சரியாகப் போகும். அப்படியானால் 5 கிராமுக்கு 7 கிராம். அதாவது ஒன்றரை டீஸ்பூன் ஆப்பச் சோடா போட்டால் அரை டம்ளர் வினிகரின் புளிப்பு முழுவதும் செத்துவிடும். கையில் இருப்பது உப்புத் தண்ணீர். கடையில் காசு கொடுத்து இரண்டு பொருளை வாங்கி, இரண்டின் சக்தியையும் ஒன்றால் ஒன்று அழித்து, மிஞ்சிய உப்புத் தண்ணீரை கார்ப்பெட்டில் ஊற்றுவதற்குப் பெயர் வீட்டு வைத்தியம்!

தனித்தனியாக இரண்டுக்கும் பயன் உண்டு. தேநீர், காபி போன்ற துவர்ப்புக் கறைகளுக்குத் தண்ணீர் கலந்த வினிகர் ஓரளவு உதவும். சோப்பின் காரம் மிச்சம் இருந்தால் அதையும் போக்கும். காய்ந்த கார்ப்பெட்டில் தூவி எடுத்தால் ஆப்பச் சோடா வாடையைக் குறைக்கும். சேர்த்துப் போட்டால்தான் இரண்டும் வீண்.

இதில் கோபப்பட வேண்டிய விஷயம் வேறு. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்பதைப் பள்ளியில் படிக்காத மாணவர் யாரும் இல்லை. நடுநிலையாக்கல் வினை என்று தலைப்புப் போட்டு, அடிக்கோடிட்டு, சமன்பாட்டைச் சரிசெய்து, முழு மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். அதே மாணவரின் வீட்டில் அம்மா வினிகரையும் சோடாவையும் கலந்து கார்ப்பெட்டில் ஊற்றும்போது பக்கத்து அறையில் அவர் வேதியியல் புத்தகத்தை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவரைத் தாண்ட நம் படிப்பால் முடியவில்லை என்றால் அந்தப் படிப்பு எதற்கு? பொறியியல் பட்டங்கள் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வீடுகளிலும் நுரை பொங்குவதைக் கைகட்டி ரசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

குளியலறைக்குள் ஒரு போர்க்களம்

இதுவரை சொன்னதெல்லாம் காசு நஷ்டம். இனி வருவது உயிர் விஷயம்.

ஒரு பொருளால் கறை போகவில்லை என்றால் பயந்த மனம் இரண்டைக் கலக்கிறது. அதுவும் போகவில்லை என்றால் வீட்டில் இருப்பதை எல்லாம் கலக்கிறது. தூக்கிப் போடக்கூடிய சிறிய விரிப்பு என்றால் அதைக் குளியலறைக்கு இழுத்துப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பிளீச்சையும் கழிப்பறை கழுவும் திரவத்தையும் சேர்த்து ஊற்றுகிறார்கள். பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கழிப்பறைத் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மன் படை எதிரிகளின் பதுங்குகுழிகள் மேல் திறந்துவிட்டதும் அதே வாயுதான். முதல் உலகப் போரின் ஆயுதத்தை ஜன்னல் இல்லாத ஆறடி அறைக்குள் தயாரிக்கிறோம் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரிவதில்லை.

பிளீச்சோடு வினிகர் சேர்ந்தாலும் குளோரின் வரும். பிளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமைன் வாயு வரும், அதுவும் நுரையீரலைத் தாக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினிகரைக் கலந்து வைத்தால் பெர்அசிட்டிக் அமிலம் உருவாகி, கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். பாட்டில்களின் பின்பக்கத்தில் "வேறு பொருளுடன் கலக்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். எறும்பு அளவு எழுத்தில், பல நேரம் ஆங்கிலத்தில். அந்த அறையில் மூச்சு முட்ட நிற்பவர் யார் என்று யோசித்துப் பார்த்தால் அந்த எழுத்தின் அளவே ஒரு அநியாயம் என்பது புரியும்.

சரி, பிளீச்சை மட்டும் தனியாக ஊற்றலாமா? கம்பளி கார்ப்பெட்டில் ஒருபோதும் கூடாது. கம்பளி, நம் தலைமுடியைப் போல ஒரு புரதம். பிளீச் கறையைக் கரைப்பதற்குப் பதிலாகக் கம்பளியையே கரைக்கும். ஒரு சிட்டிகை கம்பளி நூலைத் தண்ணீர் கலக்காத பிளீச்சில் போட்டு வைத்தால் சில மணி நேரத்தில் நூலே இருக்காது. பட்டுக்கும் அதே கதி. புரதக் கறையைத் தின்னும் என்சைம் கலந்த சலவைத் தூள்களும் அப்படித்தான். அவற்றுக்குக் கறையின் புரதம் எது, ஆட்டின் புரதம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

வெந்நீர் நம்பிக்கையும் இதே வகைதான். சூடாக இருந்தால் அழுக்கு போகும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் இரத்தம், பால், முட்டை இவற்றில் வெந்நீர் பட்டால் முட்டை வேகுவது போலப் புரதம் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். இவற்றுக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான்.

திரும்பி வரும் கறை

சிலர் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறார்கள். ஒற்றி எடுக்கிறார்கள், கழுவுகிறார்கள், சுத்தமாகத் தெரிகிறது, தூங்கப் போகிறார்கள். காலையில் பார்த்தால் அதே இடத்தில் அதே கறை! உடனே வீட்டில் ஒரு விசாரணைக் கமிஷன். "நீ சரியா தொடச்சியா?" என்று வேலைக்கு வரும் அக்காவுக்கு ஒரு திட்டு.

அவர் சரியாகத்தான் துடைத்தார். கறையின் ஒரு பகுதி கார்ப்பெட்டின் அடிப்பாகத்தில் தங்கியிருந்தது. மேல்பக்கம் காயக் காய, அடியில் இருந்த ஈரம் கறையையும் தூக்கிக்கொண்டு நூல் வழியாக மேலே ஏறியிருக்கிறது. அகல் விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே விதி. தண்ணீர் போய்விடும், கறை நுனியில் உட்கார்ந்துவிடும்.

இதற்கும் வழி எளிது. கழுவி முடித்ததும் தடிமனான வெள்ளைத் துண்டை நாலாக மடித்து அந்த இடத்தில் வைத்து, மேலே கனமான ஒன்றை வைத்துவிட வேண்டும். (கைவசம் உள்ள நுழைவுத்தேர்வுப் புத்தகங்கள் இதற்குப் பொருத்தம் :) ஒரு பிளாஸ்டிக் தாளை நடுவில் போட்டுக்கொள்ளலாம்.) ராத்திரி முழுவதும் ஏறி வரும் கறை துண்டுக்குப் போய்விடும். காலையில் துண்டை எடுத்துவிட்டு மின்விசிறியைப் போட வேண்டும். ஒரு நாள், மிஞ்சிப் போனால் இரண்டு நாளுக்குள் முழுதாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. கறை போய் ஒரு வாரம் கழித்து அந்த இடம் மட்டும் கறுக்கும். அது சோப்பு செய்யும் வேலை. அதிகமாகப் போட்ட சோப்பு நூலில் பிசுபிசுப்பாகத் தங்கி, கால் அழுக்கை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்கிறது. அதைப் பார்த்து இன்னும் சோப்புப் போடுவார்கள், இன்னும் கறுக்கும்! சோப்பு கால் டீஸ்பூன் போதும் என்று மேலே சொன்னது கஞ்சத்தனத்தால் அல்ல.

கறையே படாத கார்ப்பெட்

இந்த இடத்தில் விற்பனையாளர் சிரித்துக்கொண்டே வருவார். "எதுக்கு இவ்வளவு கஷ்டம்? கறையே படாத கார்ப்பெட் இருக்கே!"

அதன் கதை சுவாரசியமானது. 1953-ல் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில் ஃபுளோரின் கலந்த ஒரு ரசாயனம் உதவியாளர் ஒருவரின் கேன்வாஸ் ஷூவில் சிந்தியது. எதை ஊற்றிக் கழுவியும் போகவில்லை. அந்த இடத்தில் தண்ணீரும் ஒட்டவில்லை, எண்ணெய்யும் ஒட்டவில்லை. பாட்சி ஷெர்மன், சாமுவேல் ஸ்மித் என்ற இரு வேதியியலாளர்கள் அதைக் கவனித்து ஆராய்ந்தார்கள். 1956-ல் ஸ்காட்ச்கார்ட் கடைக்கு வந்தது. கறையைத் தடுக்கும் மருந்தே ஒரு கைதவறலில்தான் பிறந்தது! அன்றைக்கு அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் யார் முதுகிலும் அடிக்காமல், சிந்தியதை உட்கார்ந்து கவனித்தார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. எதை ஊற்றினாலும் போகாதது ஷூவிலிருந்து மட்டுமல்ல, எங்கிருந்துமே போகாது. கார்பனுக்கும் ஃபுளோரினுக்கும் உள்ள பிணைப்பு அவ்வளவு வலுவானது. பிஎஃப்ஏஎஸ் என்று அழைக்கப்படும் இந்தக் குடும்பத்து ரசாயனங்களுக்கு "என்றென்றும் ரசாயனங்கள்" என்றே பெயர் வந்துவிட்டது. மண்ணில் மக்காது, நீரில் சிதையாது, உடம்பில் தங்கும். அமெரிக்கர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருந்தது. 2000-ம் ஆண்டில் 3எம் நிறுவனமே இந்தக் குடும்பத்தில் பிஎஃப்ஓஎஸ் என்ற பொருளைக் கைவிடுவதாக அறிவித்தது. 2009-ல் அது ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. அதன் சகோதரப் பொருளான பிஎஃப்ஓஏ 2019-ல் சேர்ந்தது. 2023 டிசம்பரில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பிஎஃப்ஓஏ-வை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது. 2022 டிசம்பரில் 3எம், 2025 முடிவதற்குள் இந்தக் குடும்பத்து ரசாயன உற்பத்தியையே நிறுத்துவதாக அறிவித்தது. பெரிய கடைச் சங்கிலியான ஹோம் டிப்போ, இவை பூசிய கார்ப்பெட்டுகளை 2019 முடிவுக்குப் பிறகு வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டது.

அதற்குள் நடந்தது நடந்துவிட்டது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டால்டன் என்ற ஊர் தன்னை உலகின் கார்ப்பெட் தலைநகரம் என்று அழைத்துக்கொள்கிறது. அங்குள்ள ஆலைகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், பிறகு கோனசாகா ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தில் தெளிக்கப்பட்டது. சாதாரண அழுக்கை மண் வடிகட்டும். அழியாத ரசாயனத்தை மண்ணால் வடிகட்ட முடியாது. கீழ்ப்பக்கத்தில் உள்ள ரோம் என்ற ஊரின் குடிநீர் ஆற்றில் அது வந்து சேர்ந்தது. அந்த ஊர் 2019-ல் கார்ப்பெட் ஆலைகள் மீதும் ரசாயன நிறுவனங்கள் மீதும் வழக்குப் போட்டது. 2023-ல் பல கோடி டாலர் சமரசத் தொகை பெற்று, புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்டும் வேலையைத் தொடங்கியது.

யோசித்துப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யாரோ ஒருவர் வீட்டு முன்னறையில் காபி கொட்டினால் உருண்டு ஓட வேண்டும் என்பதற்காக, ஒரு ஊரே தன் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கப் பயப்பட வேண்டி வந்தது. இத்தனைக்கும் அந்தப் பூச்சு நிலையானதா என்றால் அதுவும் இல்லை. நடக்க நடக்கத் தேய்ந்து தூசியோடு வெளியேறிவிடும். கார்ப்பெட்டை விட்டுப் போகும், உலகத்தை விட்டுப் போகாது.

காபிக் கறையைக் கழுவத் தெரியாதவர்கள், கழுவவே முடியாத கறையை ஆற்றுக்குக் கொடுத்தார்கள். பயத்தின் கடைசிப் படி இதுதான்.

"விலை தெரியுமா?"

இதற்கெல்லாம் வரும் பதில் ஒன்றுதான். "கார்ப்பெட் என்ன விலை தெரியுமா? கொட்டினால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?"

நியாயமான கேள்வி. வெளிநாட்டில் வாடகை வீட்டில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு கறைக்காக முன்பணத்தில் பெரும் தொகை பிடிபடும் என்ற அச்சம் உண்மையானது. காஷ்மீரத்துக் கம்பளம் ஒன்றை வாங்க ஒரு குடும்பம் வருடக்கணக்கில் சேமித்திருக்கலாம். அந்தக் கவலையைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் விலை உயர்ந்த பொருள் என்றால் அதைப் பற்றி அதிகம் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதுதானே அர்த்தம்? வாங்கும்போது கம்பளியா, நைலானா, பருத்தியா என்று கேட்காதவர், கொட்டியவுடன் கத்துவதால் என்ன பயன்? கார்ப்பெட்டின் பின்பக்கத்துச் சீட்டைப் படிக்க ஒரு நிமிடம் ஆகும். நான்கு பழைய வெள்ளை வேட்டித் துண்டுகளை எடுத்து வைக்கக் காசே ஆகாது. இவை இரண்டையும் செய்யாமல் விலையைப் பற்றிப் பேசுவது, ஹெல்மெட் போடாமல் தலையின் மதிப்பைப் பற்றிப் பேசுவது போலத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. எவ்வளவு சரியாகச் செய்தாலும் சில கறைகள் போகாது. பழைய மஞ்சள், காய்ந்த மை, பாலிஷ் சாயம் இவை சில நேரம் நூலின் சாயத்தோடு சாயமாகிவிடும். அப்போது செய்ய வேண்டியது ஒரு நாற்காலியை நகர்த்திப் போடுவதுதான். பவானி ஜமக்காளத்தில் உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டவர்கள் நாம். அதில் கொட்டாத குழம்பு இல்லை. துவைத்தார்கள், கொடியில் காயப் போட்டார்கள், அடுத்த விசேஷத்துக்கு மறுபடியும் விரித்தார்கள். மிச்சம் இருந்த கறையைப் பார்த்தால் அது யார் கல்யாணத்தில் விழுந்தது என்று சொல்லிச் சிரித்தார்கள். விரிப்பு என்பது ஆட்கள் உட்காருவதற்கு. ஆட்கள் உட்காரப் பயப்படுகிற விரிப்பை முன்னறையில் போட்டு வைப்பதை விட சுருட்டிப் பரணில் போடலாம்.

மீண்டும் அந்த முன்னறைக்கே போவோம். சாம்பார் கொட்டிவிட்டது. குழந்தை பயந்து போய் நிமிர்ந்து பார்க்கிறது. வீட்டில் இருக்கும் பெரியவர் கத்தவில்லை. ஒரு ஸ்பூனையும் வெள்ளைத் துணியையும் எடுத்து வந்து, குழந்தையின் கையிலேயே துணியைக் கொடுத்து, "தேய்க்காதே கண்ணு, இப்படி அமுக்கு" என்று காட்டுகிறார். ஐந்து நிமிடத்தில் பெரும்பகுதி துணிக்கு வந்துவிடுகிறது. சோப்புத் தண்ணீர் பட்டு லேசாகச் சிவக்கும்போது, ஆரத்தித் தட்டின் கதையையும் சொல்கிறார்.

அந்தக் குழந்தை பிற்பாடு பள்ளியில் நிறங்காட்டி பாடம் வரும்போது மனப்பாடம் செய்யாது. வேலைக்கு வரும் அக்காவுக்கு அன்று மாலை திட்டு விழாது. கார்ப்பெட்டில் மெல்லிய மஞ்சள் நிழல் ஒன்று இருக்கும். இரண்டு நாள் வெயிலில் அதுவும் போய்விடும். போகாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.